பட்டறைப் பேச்சு: இடது பக்கமே திரும்பும் பிக்கப்புகள்

வண்டி, ரோடு, ரிப்பேர் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மலேசியாவின் பகாவ் டவுனில் பட்டறை நடத்தும் முன்னாள் தோட்ட லோரி மெக்கானிக் பதில் தரும் பகுதி.

போன இதழில் கிளட்ச் பிளேட் தேய்வதைப் பற்றி எழுதும்போது, சனிக்கிழமை காலையில் பட்டறையில் அமெரிக்க டிரக் ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கிளட்சை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: அண்ணே, டிரக் ரேஸ் என்றதும் பத்துச் சக்கர லோரிகள் முட்டி மோதிக்கொண்டு ஓடும் என்று நினைத்தேன். மகனைப் போனில் தேடச் சொன்னால் வந்ததெல்லாம் பிக்கப். நீங்கள் பார்ப்பது எது?
— செம்பனை லோரி ஓட்டுநர், ரொம்பின்

பதில்: இரண்டும் இருக்கிறது தம்பி. நீங்கள் நினைக்கிற பெரிய லோரித் தலைகள் ஓடுவது ஐரோப்பாவில். பின்னால் டிரெய்லர் இருக்காது. ஐந்து டன்னுக்கு மேல் எடையுள்ள தலையை மட்டும் வளைந்து நெளிந்த சர்க்யூட்டில் விரட்டுவார்கள். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதி. பிரேக் பழுத்துப்போகாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே ஓடும். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

நான் பார்ப்பது அமெரிக்காவில் நாஸ்கார் என்ற பந்தய அமைப்பு நடத்தும் கிராஃப்ட்ஸ்மேன் டிரக் சீரிஸ். ஓடுவது பிக்கப். ஷெவர்லே சில்வராடோ, ஃபோர்டு எஃப்-150, டொயோட்டா டன்ட்ரா ஆகிய மூன்றும்தான் பல வருடமாக மோதிக்கொண்டிருந்தன. 2026-ல் ராம் மறுபடி உள்ளே வந்திருக்கிறது. பெயரும் வடிவமும்தான் கடையில் விற்கும் பிக்கப்புடையது. உள்ளே முழுக்க இரும்புக் குழாய்க் கூண்டு. கதவு திறக்காது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, அப்புறம் ஸ்டீயரிங்கை மாட்டிக்கொள்வார். முன்னால் பளபளக்கும் ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். ஸ்பீடோமீட்டரும் கிடையாது. டயர் மாற்ற, பெட்ரோல் போட ஒதுங்கும் பிட் லேனில் வேக வரம்பைத் தாண்டாமல் ஓட்ட வேண்டும் என்றால் எந்த கியரில் எத்தனை ஆர்பிஎம் என்று கணக்குப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். எடை சுமார் ஒன்றரை டன். நம் ஊர் ஹைலக்ஸ் டபுள் கேப்பைவிட இலேசு. இஞ்சின் வி8. 2018 முதல் பெரும்பாலான அணிகள் இல்மோர் நிறுவனம் செய்யும் ஒரே மாதிரியான 6.5 லிட்டர் இஞ்சினைத்தான் போடுகின்றன. ஆளாளுக்கு இஞ்சினுக்காகக் காசைக் கொட்டி அழியக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது.

இந்தப் பந்தயத்தை யோசித்துக் கிளப்பிவிட்டவர்களும் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. கலிபோர்னியாப் பாலைவனத்தில் மணலிலும் கல்லிலும் பிக்கப் ஓட்டிப் பழகிய நான்கு பேர். 1994 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் டேடோனா தடத்தில் மாதிரி வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மறு வருடமே, 1995 பிப்ரவரி 5-ஆம் தேதி, ஃபீனிக்ஸில் முதல் பந்தயம். ஜெயித்தவர் மைக் ஸ்கின்னர். அந்த வருடச் சாம்பியனும் அவரே. அமெரிக்காவில் தச்சன், பண்ணைக்காரன், குழாய் ரிப்பேர் செய்கிறவன் எல்லாரும் பிக்கப்தான் வைத்திருப்பான். தன் வாசலில் நிற்கும் வண்டியே ரேஸில் ஓடினால் பார்க்காமல் இருப்பானா?

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்து நானும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். சுற்றுகிறார்கள், இடது பக்கம் திரும்புகிறார்கள், மறுபடி சுற்றுகிறார்கள். என் வகுப்புப் பையன்கள்கூட இதைச் செய்துவிடுவார்கள் போலிருக்கிறது. இதில் என்ன திறமை இருக்கிறது?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியர், குவாலா பிலா

பதில்: சார், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தடத்தைப் பாருங்கள். ஓவல் என்றால் முட்டை வடிவத் தடம். எல்லா ஓவலும் ஒன்றல்ல. வர்ஜீனியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்வில் என்று ஒரு தடம். ஒரு சுற்று சுமார் 850 மீட்டர்தான். இரண்டு நேர் ரோடு, இரண்டு முனையிலும் இறுக்கமான வளைவு. வளைவில் சாய்வு 12 டிகிரி. 200 சுற்று ஓட வேண்டும் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பலமாக பிரேக் பிடிக்க வேண்டும். மொத்தம் 400 தடவை. மாலை வெளிச்சம் குறைந்த பிறகு பார்த்தால், சக்கரத்துக்குள்ளே பிரேக் டிஸ்க் செக்கச்செவேல் என்று கனிவது டிவியிலேயே தெரியும். எந்தச் சுற்றில் பிரேக்கைக் காப்பாற்றி வைத்தால் கடைசிப் பத்துச் சுற்றில் அது கைகொடுக்கும் என்று தெரிந்தவன்தான் அங்கே ஜெயிப்பான்.

டேடோனா வேறு உலகம். சுற்று 4 கிலோமீட்டர், வளைவின் சாய்வு 31 டிகிரி. அதில் ஆள் நடந்து ஏறுவதே சிரமம். அங்கே பிரேக்குக்கு வேலையே இல்லை. மிதித்த கால் மிதித்தபடி 280, 290 கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள். வேலை முழுக்கக் காற்றோடுதான். பிக்கப் என்பது பெட்டி வடிவம். முன்னால் போகிற வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அதன் பின்னால் காற்று அழுத்தம் குறைந்த இடம் ஒன்று உருவாகும். பின்னால் வருகிறவன் அதற்குள் புகுந்தால் இரண்டு பேருமே தனியாகப் போவதைவிட வேகமாகப் போவார்கள். காரைவிட பிக்கப்புக்கு அந்த இடம் பெரிதாக இருக்கும். ஆனால் அதிலேயே ஒரு வில்லங்கமும் இருக்கிறது: ஒட்டிப் போகும்போது பின்வண்டியின் மூக்கை அழுத்திப் பிடிக்கக் காற்று போதாது. வளைவில் திருப்பினால் வண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் போகும். அதனால் எப்போது ஒட்டுவது, எப்போது அரை வண்டி அகலம் விலகிக் காற்று வாங்குவது என்பதை ஒவ்வொரு வளைவிலும் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று ஓட்டுநருக்குச் சரியாகத் தெரியாது. மாடத்தின் மேல் நின்று பார்க்கிற ஸ்பாட்டர், ரேடியோவில் ‘உள்ளே ஒருத்தன், இன்னும் உள்ளே, இப்போது காலி’ என்று ஓதிக்கொண்டே இருப்பார். அதை நம்பித்தான் திருப்ப வேண்டும்.

இப்போது என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஓட்டியவனுக்கு இது சொல்லாமலே புரியும். குலையை ஒரு பக்கமாக ஏற்றிவிட்டால், மண் ரோட்டு வளைவில் எந்தச் சக்கரம் அமுங்குகிறது, எது தரையைவிட்டு எழும்பப் பார்க்கிறது என்பது இருக்கையில் உட்கார்ந்திருப்பவனின் இடுப்புக்கே தெரியும். இந்தப் பந்தயத்தின் உயிர்நாடி அதுதான். நான்கு சக்கரத்திலும் எடையை எப்படிப் பங்கிடுவது என்கிற கணக்கு.

அவர்கள் வேண்டுமென்றே வண்டியைக் கோணலாகச் செய்வார்கள். பின்னால் வலது டயரின் சுற்றளவு இடது டயரைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். நேராக உருட்டிவிட்டாலே வண்டி தானாக இடது பக்கம் வளையும். எடையையும் முடிந்த அளவு இடது பக்கமாகத் தள்ளி வைப்பார்கள். டயர்க் காற்று இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு. இவ்வளவும் செய்து அனுப்பினாலும், ஐம்பது சுற்று ஓடி டயர் தேய்ந்து, பெட்ரோல் குறைந்து எடை மாறும்போது வண்டியின் குணமே மாறிவிடும். சில நேரம் முன்பக்கம் திரும்ப மறுக்கும். சில நேரம் வால் வெளியே ஓடும். ஓட்டுநர் ரேடியோவில் அதைச் சொல்வார். பிட்டுக்கு வந்ததும் ஒருவர் நீளமான ஸ்பானரைப் பின்கண்ணாடியில் உள்ள ஓட்டைக்குள் விட்டு ஒரு திருகு திருகுவார். அரைச் சுற்று, சில நேரம் கால் சுற்று. உள்ளே ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் போல்ட்டு இறங்கும் அல்லது ஏறும். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு சக்கரத்தின் எடை மாறிவிடும். முன்னால் திரும்ப மறுத்த வண்டி அடுத்த சுற்றில் சொன்ன பேச்சைக் கேட்கும். பத்து, பன்னிரண்டு விநாடி வேலை. டிவியில் பெரும்பாலும் டயர் மாற்றுவதைத்தான் காட்டுவார்கள். நான் அந்த ஸ்பானரைத்தான் தேடுவேன்.

கழற்றிய டயரையும் சும்மா போட்டுவிட மாட்டார்கள். அதன்மேல் பழைய ரப்பர் உருண்டு ஒட்டியிருக்கும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டி, கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, டயரில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளின் ஆழத்தை அளப்பார்கள். உள்பக்கம் எவ்வளவு தேய்ந்தது, வெளிப்பக்கம் எவ்வளவு என்று எழுதி வைத்து, அடுத்த செட் டயருக்கு எவ்வளவு காற்று என்று முடிவு செய்வார்கள். டயரை உற்றுப் பார்க்காமல் அலைன்மென்ட் மெஷினை மட்டும் நம்பும் நம் ஊர்ப் பையன்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அடுத்த முறை பார்க்கும்போது முன்னால் போகிறவரை விடுங்கள் சார். எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பாருங்கள்.

கேள்வி: ஏன் எப்போதும் இடது பக்கம்? ஒருநாள் வலது பக்கம் சுற்றினால் என்ன?
— குடும்பத்தலைவி, பகாவ்

பதில்: அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம். இடது பக்கமாகச் சுற்றினால் வெளிச்சுவர் அவருக்கு வலப்புறம், ஒரு வண்டி அகலம் தள்ளி இருக்கும். மோதினாலும் முதல் அடி அவர்மேல் விழாது. நம் ஊர் வண்டியைக் கொண்டுபோய் அந்தத் தடத்தில் விட்டால் ஓட்டுநர் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். நாம் ஓவல் கட்டினால் வலது பக்கமாகச் சுற்றுகிற மாதிரிதான் கட்ட வேண்டும் அக்கா.

கேள்வி: ஐயா, நம் ஆட்கள் யாராவது இந்த டிரக் ரேஸில் ஓடியிருக்கிறார்களா?
— படிவம் 4 மாணவர், ஜெம்போல்

பதில்: ஓடியிருக்கிறார் தம்பி. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக பார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். அவரே 2010-ல் அமெரிக்கா போய், வைலர் ரேசிங் அணியின் 60-ஆம் எண் டொயோட்டா டன்ட்ராவில் உட்கார்ந்தார். முதல் பந்தயம், மேலே சொன்னேனே, அதே மார்ட்டின்ஸ்வில். பிரேக் கனிகிற தடம். ஓவலில் முன்பின் போட்டியிட்டுப் பழக்கமில்லாதவர் 13-ஆவதாக வந்தார். அந்த வருடம் அவர் ஓட்டியது ஒன்பது பந்தயம்தான். ஆனாலும் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ‘மிகப் பிரபலமான ஓட்டுநர்’ விருது அவருக்கே கிடைத்தது. சீசன் முழுக்க ஓடியவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நம் ஆட்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சும்மாவா!

விருதைவிட அந்த 13-ஆவது இடத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பார்முலா வண்டி அறுநூறு சொச்சம் கிலோ, தரையோடு ஒட்டி ஓடும். அதிலிருந்து இறங்கி, கனமாக ஆடி அசையும் பெட்டி வண்டிக்கு மாறுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. அதிலும் இந்தப் பந்தயத்தில் இடிப்பது வெட்கக்கேடு இல்லை. பின்னால் வருகிறவன் பம்பரால் தட்டி வழி கேட்பான்.

நம் நாட்டுக்காரர்கள் அவரை இன்னொரு விஷயத்துக்காக நினைவில் வைத்திருக்கலாம். 2012 செப்பாங் பார்முலா 1 பந்தயம். மழையில் தொடங்கியது. அவருடைய எச்ஆர்டி அணி எல்லாருக்கும் முன்பே கனமழை டயரோடு கிளம்பியதால், வழக்கமாகக் கடைசியில் வரும் வண்டி பத்தாவது இடத்தில் ஓடியது. அப்புறம் ரோடு காய்ந்த பிறகு, சுற்று பின்தங்கியிருந்த அவரைத் தாண்டும்போது உலகச் சாம்பியன் செபாஸ்டியன் வெட்டலின் பின்டயர் உரசிக் கிழிந்து, நான்காவது இடம் போயிற்று. வெட்டல் விரலைக் காட்டினார், பந்தயம் முடிந்த பிறகு வாயையும் விட்டார். நடுவர்கள் நாராயணுக்குத் தண்டனை கொடுத்தார்கள். டிவியில் நான் பார்த்தவரை பாதித் தவறு வெட்டலுடையது. முழுசாகத் தாண்டுவதற்கு முன்பே அவர் உள்ளே வெட்டினார். தட்டி வழி கேட்கும் ஊரில் இரண்டு வருடம் முன்னால் ஓட்டிவிட்டு வந்தவருக்கு அந்த உரசல் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கேள்வி: நம் நேரப்படி எப்போது வரும்?
— மளிகைக் கடைக்காரர், செர்ட்டிங்

பதில்: பெரும்பாலும் அங்கே வெள்ளிக்கிழமை இரவு, நமக்குச் சனிக்கிழமை காலை ஏழரை, எட்டு. கடை திறக்கும் நேரம்தான். மாமியாரைக் கல்லாவில் உட்கார வையுங்கள்.

கேள்வி: ஒருவர் கஷ்டப்பட்டுப் பாதி ரவுண்டு முந்திப் போயிருப்பார். எங்கோ ஒருத்தன் சுவரில் உரசினான் என்று மஞ்சள் கொடி காட்டி எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். உழைத்தவனுக்கு என்ன மிச்சம்? இது அநியாயம் இல்லையா?
— ஓய்வுபெற்ற மண்டோர், ரொம்பின்

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானதுதான். தோட்டத்தில் முதலில் வேலையை முடித்தவனுக்கே அடுத்த நிரையையும் கொடுக்கிற பழக்கம் உங்களுக்குத் தெரியாததா.

ஆனால் தடத்தில் உடைந்த தகரம் கிடக்கும்போது 250 கிலோமீட்டர் வேகத்தில் விட முடியாது. மஞ்சள் கொடி விழுந்ததும் வழிகாட்டி வண்டி முன்னால் வர, எல்லாரும் வரிசையில் மெதுவாகப் பின்னால் போவார்கள். முந்தியிருந்த தூரம் போகும், இடம் போகாது. முதலில் இருந்தவர் மறுபடி முதல் வரிசையிலிருந்தே கிளம்புவார். அந்த நேரத்தில் டயர் மாற்றப் போவதா, வெளியே நின்று இடத்தைப் பிடித்துக்கொள்வதா என்பதில்தான் பந்தயம் தலைகீழாகும். ஒரு சுற்று பின்தங்கியவர்களில் முதல் ஆளுக்கு அந்தச் சுற்றை இனாமாகத் திருப்பித் தரும் விதிகூட இருக்கிறது. அது எனக்கும் பிடிக்காது.

ஆரம்ப வருடங்களில் இதைவிட வேடிக்கை. நடுவில் இடைவேளை விடுவார்கள், பந்து விளையாட்டு மாதிரி. சின்னத் தடங்களில் ஒழுங்கான பிட் வசதி இல்லை, வேகமாக டயர் மாற்றும் ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்கச் சின்ன அணிகளிடம் காசும் இல்லை. எல்லா வண்டியும் நிற்கும், சாவகாசமாகப் போல்ட்டு முடுக்கித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். என்னைக் கேட்டால் அதை எடுத்திருக்கவே வேண்டாம். 2017-லிருந்து பந்தயத்தை மூன்று பகுதியாக வெட்டி, முதல் இரண்டு பகுதியின் முடிவிலும் புள்ளி கொடுக்கிறார்கள். டிவி விளம்பரத்துக்குச் சௌகரியம்.

உழைப்புக்கு என்ன மிச்சம் என்று கேட்டீர்களே, 2019 சாம்பியன் மேட் கிராஃப்டன் அந்த சீசனில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. சொதப்பாமல், மோதாமல், புள்ளி சேர்த்துச் சேர்த்தே மூன்றாவது முறையாகக் கோப்பையைத் தூக்கிவிட்டார்.

கேள்வி: இதெல்லாம் பணக்கார வெள்ளைக்காரர்கள் விளையாட்டுதானே? அவர்கள் கூட்டத்தில் கறுப்பர்களையே விடமாட்டார்கள் என்று படித்தேன். நாம் ஏன் இதைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும்?
— தோட்டக் கிராணியின் மகள், ரந்தாவ்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி தங்கச்சி. மழுப்பாமல் சொல்கிறேன்.

வெண்டல் ஸ்காட் என்று ஒருவர். வர்ஜீனியாவில் டான்வில் ஊர்க்காரர், கறுப்பர், என் மாதிரி பட்டறைக்காரர். நாஸ்காரின் பெரிய கார் பந்தயத்தில் சொந்த வண்டியை, அதுவும் அடுத்தவர் ஓட்டித் தள்ளிய பழைய வண்டியை வாங்கி, சொந்தக் கையால் ரிப்பேர் செய்து ஓட்டினார். பிள்ளைகள்தான் பிட் ஆட்கள். 1963 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் என்ற இடத்தில் 200 சுற்றுப் பந்தயம். ஸ்காட் எல்லாரையும் தாண்டி முடித்துவிட்டார். கொடி காட்டவில்லை. இன்னும் ஓட வைத்தார்கள். ஓடினார். கோப்பையை இரண்டாவதாக வந்த பக் பேக்கரிடம் கொடுத்து, போட்டோ எடுத்து, கூட்டமும் கலைந்த பிறகு, கணக்கில் பிசகு, ஜெயித்தது ஸ்காட்தான் என்று அறிவித்தார்கள். பரிசுப் பணம் வந்தது. கோப்பை வரவில்லை. ஸ்காட் 1990-ல் இறந்துபோனார். அந்த ஜெயிப்புக்கான கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்திடம் கொடுத்தது 2021-ல். 58 வருடம் கழித்து!

அவருக்கு அப்புறம் நாஸ்காரின் தேசிய அளவுப் பந்தயம் எதிலும் ஒரு கறுப்பர் ஜெயிக்க ஐம்பது வருடம் ஆனது. அது நடந்தது டிரக் ரேஸில்தான். 2013 அக்டோபர், மறுபடி அதே மார்ட்டின்ஸ்வில், ஸ்காட்டின் ஊருக்குப் பக்கத்துத் தடம். பப்பா வாலஸ் என்ற இருபது வயதுப் பையன் 54-ஆம் எண் டன்ட்ராவில் முதலாவதாக வந்தான். அங்கே ஜெயித்தவருக்குக் கோப்பைக்குப் பதிலாக ஆள் உயரக் கடிகாரம் கொடுப்பார்கள், 1964-லிருந்து வழக்கம். அந்தக் கடிகாரத்தோடு அவன் நிற்கும் படம் எங்கள் பட்டறைச் சுவரில், ஆயில் பில்டர் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

நீங்கள் படித்தது பொய் இல்லை. அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியை ரசிகர்கள் தடத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்று நாஸ்கார் தடை போட்டதே 2020-ல்தான். அதையும் தெரிந்துகொண்டுதான் பார்க்கிறேன். ஸ்காட்டின் வண்டியைத் தாங்கிப் பிடித்தது கை வேலை. கை வேலை தெரிந்தவனை நான் எந்த நிறத்துக்காகவும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

கேள்வி: அந்த வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோதினால் உடம்பு என்ன ஆகும்? டிவியில் பார்த்தால் எழுந்து கையாட்டிவிட்டுப் போகிறார்கள்.
— ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவமனை டிரஸ்ஸர், பகாவ்

பதில்: எப்போதும் அப்படி எழுந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டு டேடோனாவில் முதல் டிரக் பந்தயம். ஜெஃப் பொடைனின் வண்டி பறந்து போய் ரசிகர்கள் பக்கத்துக் கம்பி வேலியில் மோதி, தீப்பிழம்பாகத் தடத்தில் உருண்டது. இஞ்சின் ஒரு பக்கம், கூண்டு ஒரு பக்கம். மனிதர் பிழைத்தார், சில மாதங்களிலேயே மறுபடி ஓட்டவும் வந்தார். அதே வருடம் டெக்சஸில் டோனி ரோப்பர் பிழைக்கவில்லை. மறு வருடம் பிப்ரவரியில் டேல் எர்ன்ஹார்ட் போனார். கார் பந்தயத்தின் ராஜா அவர்.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் ஹெல்மெட் கனத்தோடு முன்னால் வீசப்படும், மண்டையோட்டின் அடிப்பகுதி உடையும். எர்ன்ஹார்டுக்குப் பிறகுதான் தோளிலிருந்து ஹெல்மெட்டைப் பட்டையால் பிணைக்கும் ‘ஹான்ஸ்’ போன்ற கருவியைக் கட்டாயமாக்கினார்கள். 2002 முதல் கான்கிரீட்டுக்கு முன்னால் இரும்புக் குழாய்ச் சுவரும், நடுவில் நுரை அட்டையும் வைக்கத் தொடங்கினார்கள். இன்று கையாட்டிவிட்டுப் போகிறார்கள் என்றால் அந்த இரண்டும்தான் காரணம்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. மோட்டார் சைக்கிளில் புகைக்குழாயை மாற்றிக்கொண்டு ராத்திரியில் ரொம்பின் ரோட்டில் ரேஸ் விடுகிறான். கண்டித்தால், நான் ரேஸர் ஆகப்போகிறேன் என்கிறான். அவன் நீங்கள் எழுதுவதைப் படிப்பான். ஏதாவது சொல்லுங்கள் அண்ணே.
— தாயார், பகாவ்

பதில்: அம்மா, முதலில் உங்களுக்கு. புகைக்குழாயை மாற்றிக் கொடுக்கச் சொல்லி இந்த டவுனில் பல பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். செய்து கொடுத்ததில்லை. வேறெங்கோ செய்திருக்கிறான். பழையதை மாட்டச் சொல்லுங்கள். கழற்றியதைக் கொண்டு வந்தால் காசு வாங்காமல் மாட்டித் தருகிறேன்.

இப்போது தம்பிக்கு. டிரக் சீரிஸில் சின்னத் தடங்களில் ஓட்ட வயது வரம்பு 16. உன் வயதுதான். கோல் கஸ்டர் என்பவர் 2014-ல் 16 வயதில் ஜெயித்தே விட்டார். அதனால் உன் ஆசையைக் கிண்டல் செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேரும் வயதிலேயே கோ-கார்ட்டில் உட்கார்ந்தவர்கள். ராத்திரி ரோட்டில் பழகி அங்கே போய்ச் சேரலாம் என்று நினைக்காதே.

கார்ட்டுக்கு வசதி இல்லையா? ராஜா கரூத் என்று ஒரு பையன் இருக்கிறான். பெயரைப் பார்த்து நம்ம வீட்டுப் பையன் என்று நினைத்துவிடாதே, வாஷிங்டனில் வளர்ந்த கறுப்பினப் பிள்ளை. அவன் குடும்பத்தில் ரேஸ்காரர்கள் கிடையாது. கம்ப்யூட்டரில் ஸ்டீயரிங் மாட்டி ஐரேசிங் என்ற ரேஸ் விளையாட்டை ஓட்டிப் பழகி, அதைப் பார்த்து அவனை எடுத்து நிஜ வண்டியில் உட்கார வைத்தார்கள். 2024 மார்ச் மாதம் லாஸ் வேகஸில் டிரக் பந்தயத்தில் முதலாவதாக வந்தான். கம்ப்யூட்டரில் சுவரில் மோதினால் மறுபடி பொத்தானை அமுக்கலாம். ரொம்பின் ரோட்டில் மில்லுக்குப் போகும் டேங்கர் எதிரே வந்தால் அமுக்க ஒன்றும் இருக்காது.

செப்பாங்கில் கார்ட் தடம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் அம்மாவோடு போய் ஓட்டிப் பார். வளைவில் நீ நினைத்ததைவிட முன்னாலேயே பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். அப்புறமும் ஆசை மிச்சமிருந்தால் சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு வா. ரேஸ் பார்க்கலாம், முடிந்ததும் பிரேக் டிரம் கழுவலாம்.

கேள்வி: வலது பக்கம் பெரிய டயர் போட்டால் வண்டி தானாகத் திரும்பும் என்று பட்டறையில் பேசிக்கொண்டிருந்தீர்கள். என் ஹைலக்ஸ் இடது பக்கம் திரும்ப மக்கர் செய்கிறது. பின்னால் வலது பக்கம் மட்டும் ஒரு சைஸ் கூட்டிப் போட்டுவிடலாமா?
— காய்கறி வியாபாரி, செர்ட்டிங்

பதில்: தயவு செய்து வேண்டாம்! அவர்கள் வண்டியில் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றுகிற மாதிரி பூட்டியிருக்கும், ஓவலில் இடது பக்கம் மட்டுமே திரும்பவும் செய்யும். உங்கள் வண்டியில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. சைஸ் மாறிய டயரோடு நேர் ரோட்டில் போனாலும் அது ஓயாமல் சுற்றிச் சூடாகி, எண்ணெய் கருகி, கியர் பல் போய்விடும். ஏபிஎஸ் லைட்டும் எரியத் தொடங்கும். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். திரும்ப மக்கர் செய்கிறது என்றால் முன்பக்க டயர் காற்றைப் பாருங்கள், அப்புறம் பால் ஜாயின்ட், டை ராட். திங்கட்கிழமை காலையில் காய்கறியை இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டு வாருங்கள். சரக்கோடு கொண்டு வராதீர்கள், போன தடவை முள்ளங்கி வாடிப்போனதற்கு என்னைத் திட்டினீர்கள்.